மருந்துப் பெட்டி: மூளை வாசலில் நானோ மருந்து

போன இதழில் கண் சொட்டு மருந்து பற்றிய பதிலுக்கு நடுவே, "மூளைக் கட்டிக்குக்கூட நானோத் துகளில் மருந்தை ஏற்றி அனுப்பிப் பார்க்கிறார்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டு இருக்கிறது. முட்டிவலித் தைலம், சர்க்கரை மாத்திரை எல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

ஈரோடு வாசகி: டீச்சர், என் அண்ணனுக்கு 52 வயது. தலைவலி, வாந்தி என்று போனதில் மூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடிந்தது. ரிப்போர்ட்டில் கிளியோபிளாஸ்டோமா, நான்காம் நிலை என்று போட்டிருக்கிறது. இப்போது கதிர்வீச்சும் டெமோசோலோமைடு மாத்திரையும் ஓடுகிறது. நானோ மருந்து நேராகக் கட்டிக்கே போய்விடும், பக்கவிளைவே இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கே கிடைக்கும்? நிலத்தை விற்றாவது வாங்கிவிடுவோம்.

நிலத்தை விற்காதீர்கள் அம்மா. உங்கள் அண்ணனுக்கு வந்திருக்கும் கட்டிக்கென்று கடையிலோ ஆஸ்பத்திரியிலோ காசு கொடுத்து வாங்கக்கூடிய நானோ மருந்து நம் நாட்டில் இன்றைக்கு இல்லை. வெளிநாட்டில் நடப்பதும் பெரும்பாலும் பரிசோதனைதான். அதைப் பற்றிக் கீழே மற்றவர்களுக்கு எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

இப்போது அவருக்குக் கொடுக்கும் சிகிச்சையை ஏதோ பழசு என்று நினைத்துவிட வேண்டாம். கதிர்வீச்சோடு டெமோசோலோமைடைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 573 நோயாளிகளிடம் பார்த்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் நடுக்கணக்கு ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம். இவ்வளவுதானா என்று மனசு கனக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் இரண்டு வருஷம் தாண்டியவர்களை எண்ணினால் 100-க்கு 10 பேராக இருந்தது 26 பேராக ஆகியிருந்தது. அண்ணனின் கட்டித் திசுவில் எம்.ஜி.எம்.டி. பரிசோதனை செய்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் மெத்திலேஷன் (அந்தப் பெயருள்ள மரபணு அணைந்து கிடப்பது) இருக்கிறது என்று வந்தால் மாத்திரை கூடுதலாகக் கைகொடுக்கும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் முழுசாக விழுங்கச் சொல்லுங்கள். முழுங்க முடியவில்லை என்று கேப்சூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கக் கூடாது. அந்தத் தூள் கொடுக்கிறவர் கையிலும் மூக்கிலும் படக் கூடாத தூள். விழுங்கிய பிறகு வாந்தி எடுத்துவிட்டால், போய்விட்டதே என்று அன்றைக்கே இன்னொன்று கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்தப் "பக்கவிளைவே இல்லை". 30 வருஷம் மருந்தாக்கவியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பக்கவிளைவே இல்லாத மருந்து என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

நாமக்கல், பி.பார்ம். மூன்றாம் ஆண்டு மாணவர்: மேடம், நானோ என்றால் மிகச் சிறியது. மூளைக்குள் போக முடியாத மருந்தை அவ்வளவு சிறிதாக்கினால் நுழைந்துவிடும் என்பதுதானே இதன் தத்துவம்?

இல்லை தம்பி. உன் கேள்வியில் இருக்கும் தப்பு நாட்டில் பாதிப் பேரிடம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெமோசோலோமைடு மூலக்கூறு ஒன்றின் நீளம் ஒரு நானோமீட்டர்கூட வராது. மருந்து ஏற்றும் நானோத் துகள் சாதாரணமாக 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டருக்கு மேல் என்பதால் 100 என்றதும் நமக்குச் சின்னதாகத் தெரிகிறது. மருந்தோடு ஒப்பிட்டால் அது ஆட்டோவில் போக வேண்டியவரை லாரியில் ஏற்றிய கதை. மருந்தை நாம் சிறிதாக்கவில்லை, இன்னொன்றுக்குள் வைத்துப் பெரிதாக்குகிறோம்.

பிறகு எதற்கு இந்த வேலை? மூளையின் வாசலில் உருவத்தைப் பார்த்து உள்ளே விடுவதில்லை, ஆளைப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில், ஆய்வுக்கூடத்தில் ஓர் எலியின் வால் நரம்பில் இவான்ஸ் நீலம் என்ற சாயத்தை ஏற்றினோம். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் சாயம் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காது நீலமாயிற்று, பாதம் நீலமாயிற்று, மூக்கு நுனி நீலமாயிற்று. பிறகு மயக்கம் கொடுத்து, இதயம் வழியாக உப்புநீர் செலுத்தி ரத்தத்தை அலசிவிட்டுத் திறந்தோம். கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் எல்லாவற்றிலும் நீலம் ஊறியிருந்தது. மண்டையோட்டை எடுத்தால் உள்ளே மூளை, அப்போதுதான் உரித்த நுங்கு மாதிரி வெள்ளையாக. அன்று பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி "இதுக்கு மட்டும் ஊசி போடலையா மேடம்?" என்று கேட்டாள்.

இதையே 1885-ல் ஜெர்மனியில் பார்த்தவர் பால் எர்லிக். மூளைத் திசுவுக்குச் சாயம் பிடிக்கவில்லை, அதனால் ஒட்டவில்லை என்று எழுதிவிட்டார். பின்னால் நோபல் பரிசு வாங்கியவர்தான். ஆனைக்கும் அடி சறுக்கும். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மான் 1913-ல் சாயத்தை ரத்தத்தில் விடாமல் மூளையைச் சுற்றியுள்ள திரவத்திலேயே விட்டார். மூளை நீலமாயிற்று, மற்ற உடம்பெல்லாம் வெள்ளையாகவே நின்றது. ஆக மூளைக்குச் சாயம் பிடிக்கும், நடுவில் ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது என்று தெரிந்தது. அந்தத் தடுப்பு எங்கே என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ரீஸ், கார்னோவ்ஸ்கி இருவரும் 1967-ல் காட்டினார்கள். மூளையின் தந்துகிகளில் சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இடுக்கே இல்லாமல் தைத்தாற்போலச் சேர்ந்திருக்கின்றன. வேறு உறுப்புகளில் அந்த இடுக்கு வழியாகப் பல மருந்துகள் நழுவிப் போய்விடும். இங்கே செல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால்தான் உண்டு. அப்படிப் புகுந்ததையும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். ஆய்வகத் தட்டில் கட்டிச் செல்லைக் கொல்லும் டாக்சோரூபிசின், பாக்லிடாக்செல் எல்லாம் மூளைக் கட்டியிடம் தோற்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் மூளைக்கும் சாப்பாடு வேண்டுமே! இரும்பு வேண்டும், சர்க்கரை வேண்டும், கொழுப்பு வேண்டும். அவற்றை வாங்கி உள்ளே அனுப்பத் தனித்தனி ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் வந்தால் அதற்கான ஏற்பி பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைத்தான் நானோக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மருந்தை ஒரு துகளுக்குள் வைத்து, துகளின் மேலே டிரான்ஸ்ஃபெரினையோ அதன் ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளையோ ஒட்டிவிடுகிறார்கள். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை வீட்டார் என்றும், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டார் என்றும் சொல்லிப் பந்தியில் உட்காருகிறவர் உண்டே, அந்த வித்தை.

ஜெர்மனியில் குரோய்ட்டர் என்ற பேராசிரியர் 1995-ல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். நானோத் துகளின் மேலே பாலிசார்பேட் 80 பூசினார். ஐஸ்கிரீமில் போடுகிறார்களே, அதே பொருள். அதில் ஏற்றியது டாலார்ஜின் என்ற வலிநீக்கி. தனியாக ஊசி போட்டால் அது மூளைக்குப் போகாது. பூசிய துகளில் போட்டபோது எலிக்கு வலி குறைந்தது. பாலிசார்பேட் பூச்சின் மேல் ரத்தத்தில் இருக்கும் கொழுப்புச் சுமக்கும் புரதம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, வாசலில் இருப்பவர் கொழுப்பு வந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே விடுகிறார் என்று பிறகு விளக்கினார்கள். வேஷத்தை அவர்கள் கட்டிவிடவில்லை, வழியில் அதுவே கட்டிக்கொண்டது.

சரி, வேஷம் போட்டால் எல்லாம் போய்ச் சேருகிறதா? டொரன்டோவில் வாரன் சான் என்பவரின் குழு, பத்து வருஷம் வெளிவந்த விலங்குப் பரிசோதனைகளை (மூளைக் கட்டி மட்டும் இல்லை, எல்லாக் கட்டிகளையும்) சேர்த்துப் பார்த்து 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. ஊசியில் போட்ட நானோத் துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுக்கணக்காக 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே தின்றுவிடுகின்றன. இந்தத் துறையில் இருப்பவர்கள் பலருக்கு அந்தக் கட்டுரை கசந்தது. எனக்கும் கசந்தது. வட்டக் குடுவைக்குள் லெசித்தினும் கொலஸ்டிராலும் குளோரோஃபார்மில் கரைத்து, ஆவியாக்கி, கண்ணாடியில் கஞ்சி காய்ந்தது போல ஏடு படிந்ததும் தண்ணீர் விட்டுச் சுழற்றினால், பால் மாதிரி லிபோசோம் (மருந்து ஏற்றும் நுண்ணிய கொழுப்பு உருண்டைகள்) திரண்டு வரும். அந்தப் பாலைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் நான்.

தேர்வில் நானோ பற்றி 10 மார்க் கேள்வி வந்தால் அந்த 0.7-ஐயும் எழுதிவிட்டு வா.

திண்டுக்கல் வாசகர்: ஸ்கேனில் கட்டியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தது. அது முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் மறுபடி வந்துவிட்டது. டாக்டர் சரியாக எடுக்கவில்லையோ?

டாக்டரைச் சந்தேகிக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் ஓர் ஊசி போட்டிருப்பார்கள். அதில் இருப்பது காடோலினியம். நல்ல மூளைக்குள் அது போகாது. கட்டியின் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக வளர்ந்து தடுப்பு உடைந்திருக்கும் இடத்தில் மட்டும் கசிந்து வெள்ளையாகத் தெரியும். ஆக நீங்கள் பார்த்த வளையம், வாசல் உடைந்துபோன பகுதி. கிளியோபிளாஸ்டோமா செல்கள் அதோடு நிற்பதில்லை. அருகம்புல் வேர் மாதிரி வளையத்தைத் தாண்டி நல்ல மூளைக்குள் ஓடியிருக்கும். அங்கே தடுப்பு கெடாமல் இருப்பதால் ஸ்கேனிலும் தெரியாது, மருந்தும் போகாது. கண்ணுக்குத் தெரிவதை எடுப்பார்கள், மிச்சம் இருப்பதிலிருந்து மறுபடி முளைக்கும். நானோ ஆராய்ச்சிக்காரர்கள் துரத்துவது அந்த மிச்சத்தை.

தஞ்சாவூர் வாசகர், 71 வயது: அமெரிக்காவில் தங்க நானோத் துகளை மூளைக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்களாமே! நம் சித்தர்கள் தங்க பஸ்பத்தை என்றைக்கோ சொல்லிவிட்டார்களே. அதுவும் நானோதானே?

ஐயா, புடம் போட்டு அரைத்த பஸ்பத்தில் துகள் மிக நுண்ணியதாக இருக்கும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிகாகோவில் செய்தது வேறு காரியம்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 13 நானோமீட்டர் தங்க மணியைச் சுற்றி ஆர்.என்.ஏ. இழைகளைச் செருகினார்கள். கடம்பப் பூவைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் உருண்டை, சுற்றிலும் ஊசி ஊசியாக நிற்கும். அந்த அமைப்பு. கட்டிச் செல்லைச் சாகவிடாமல் காக்கும் ஒரு மரபணுவின் வாயை அடைப்பது அந்த ஆர்.என்.ஏ.யின் வேலை. மருந்து அதுதான், தங்கம் வெறும் கட்டை வண்டி. கட்டி திரும்ப வந்த 8 பேருக்கு ரத்தத்தில் ஏற்றி, பிறகு ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பரிசோதித்தார்கள். கட்டிச் செல்லுக்குள் தங்கம் இருந்தது. 2021-ல் வெளியிட்டார்கள். பெரிய பாதிப்பு இல்லாமல் போய்ச் சேருகிறதா என்பது மட்டும்தான் அந்தப் பரிசோதனையின் கேள்வி. சேருகிறது என்று பதில் வந்தது. நோய் குணமாயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

பஸ்பம் வாய்வழியாகப் போகிறது. அதில் கட்டியின் விலாசம் எழுதப்படவில்லை. வீட்டில் யாராவது கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தால், பஸ்பமோ லேகியமோ கொடுப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ரத்த அணுவோ கல்லீரல் எண்களோ திடீரென்று மாறினால் எதனால் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக உங்களைத் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

மதுரை வாசகி: எப்படியும் மண்டையைத் திறக்கிறார்கள். மருந்தை அப்போதே உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் என்ன?

வைத்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ராபர்ட் லாங்கர், ஹென்றி பிரெம் இருவரின் முயற்சியில் வந்த கிளியாடல் என்ற வில்லைக்கு 1996-ல் அனுமதி கிடைத்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிசு, ஒன்றில் 7.7 மில்லிகிராம் கார்முஸ்டின். கட்டியை எடுத்த குழிக்குள் 8 வரை அடுக்கிவிடுவார்கள். அது கரைந்து கரைந்து இரண்டு மூன்று வாரம் மருந்து விடும். இது நானோ இல்லை. பலன் உண்டு, ஆனால் சுமார்தான். மருந்து சில மில்லிமீட்டருக்கு மேல் ஊறுவதில்லை, அருகம்புல் வேரோ அதைத் தாண்டி ஓடியிருக்கிறது.

பெர்லினில் செய்தது இன்னும் வேடிக்கை. இரும்பு ஆக்சைடு நானோத் துகளைக் கட்டிக்குள்ளேயே குத்திவிட்டு, வெளியிலிருந்து மாறுகாந்தப் புலம் கொடுத்தால் துகள்கள் சூடாகிக் கட்டியை வேகவைக்கும். 2010-ல் ஐரோப்பாவில் அனுமதியும் வாங்கினார்கள். சிகிச்சைக்கு முன்னால் நோயாளியின் பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பல்லும் சேர்ந்து சூடாகும். அதோடு தலைக்குள் இரும்பு தங்கிவிடுவதால் அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் ஒன்றும் தெரியாது. கட்டி திரும்ப வருகிறதா என்று மாதாமாதம் கவலைப்படும் ஆளுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்கார்பரோ, கனடா: ரீச்சர், இஞ்ச டொரன்டோவில ஒலி அலையால மூளையின்ர கதவைத் திறந்து மருந்து குடுக்கினமாம். உண்மையோ? கதவு பிறகு பூட்டுப்படுமோ?

உண்மைதான் அம்மா. உங்கள் ஊர் சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில்தான் 2015 நவம்பரில், மூளைக் கட்டி உள்ள ஒருவருக்கு மண்டையைத் திறக்காமல் முதன்முதலாக இப்படிச் செய்தார்கள். ரத்தத்தில் நுண்குமிழிகளை விடுவார்கள். இதய எக்கோவில் படம் தெளிவாக வர விடுகிற அதே வகைக் குமிழிதான். தலைக்கவசம் போன்ற கருவியிலிருந்து ஒலி அலைகளை ஓர் இடத்தில் குவித்தால், அங்கே குமிழிகள் விரிந்து சுருங்கிச் செல்களின் தையலைக் கொஞ்சம் இளக்கும். கதவு ஒரு நாளுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும்.

சிகாகோவில் இன்னொரு வழி. ஆபரேஷன் சமயத்திலேயே மண்டையோட்டில் ஒலிக் கருவியைப் பதித்துவிட்டு, மருந்து ஏற்றும்போதெல்லாம் அதை இயக்கினார்கள். கொடுத்தது ஆல்புமினோடு சேர்த்த பாக்லிடாக்செல், 130 நானோமீட்டர் துகள். நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்துதான். 17 பேரிடம் செய்து 2023-ல் வெளியிட்டார்கள். கதவு திறந்த இடத்தில் மருந்தின் அளவு கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் மூடிக்கொண்டது. வேஷம் போட்டு ஏமாற்றுவதைவிட, வாசலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துத் துகளை அனுப்பும் இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். இது என் சொந்த அபிப்பிராயம், பாடப்புத்தகம் இல்லை.

சேலம் வாசகர்: நானோ மருந்து நிஜமாகவே யாருக்காவது பயன்பட்டிருக்கிறதா, எல்லாம் எலிக்குத்தானா?

2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஊர் ஊராக அலைந்து தேடினோமே, லிபோசோமல் ஆம்போடெரிசின்? அது நானோ மருந்துதான். சாதா ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கொழுப்பு உருண்டைக்குள் வைத்ததும் அந்தத் தொல்லை குறைந்தது. அந்த மே மாதம் என் பழைய மாணவர்களிடமிருந்து நடுராத்திரியில் போன் வரும், "மேடம், எங்கயாவது நாலு குப்பி கிடைக்குமா?" என்று. லிபோசோமில் அடைத்த டாக்சோரூபிசினும் 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது, வேறு புற்றுநோய்களுக்கு.

திருநெல்வேலி வாசகர்: என் மாமனாருக்கு மூளைக் கட்டி. ஒருவர் வந்து, வெளிநாட்டு நானோ ஊசி, பரிசோதனைத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறேன், ஆறு லட்சம் கட்டுங்கள், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அதனால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் நஷ்டஈடும் பரிசோதனை நடத்துகிறவர்கள் பொறுப்பு, 2019-ன் மருந்துப் பரிசோதனை விதிகளில் தெளிவாக இருக்கிறது. நம் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு மருந்துப் பரிசோதனையும் மத்தியப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். எண் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும், அடுத்து வருஷம், மாதம், வரிசை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போட்டுப் பார்க்கலாம். அந்த எண்ணையும், தமிழில் உள்ள சம்மதப் படிவத்தையும், அதில் இருக்க வேண்டிய நெறிமுறைக் குழுவின் போன் நம்பரையும் கேளுங்கள். "நாளைக்குள்" என்று அவசரப்படுத்துகிறாரே, அதற்கும் "எழுத்தில் கொடுங்கள், எங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.